இறாலுக்கு ஒரு கடுகு சாஸ்: லூசியானா ரெமூலாட், சிவப்பும் வெள்ளையும்

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்து நியூ ஆர்லியன்ஸ் நகரில் இறால் ரெமூலாட், அதாவது கடுகு சாஸில் புரட்டிய இறால், கேட்டால் கடைக்குக் கடை நிறம் மாறும். சில இடங்களில் செங்கல் நிறத்தில், எண்ணெயும் கடுகும் தூக்கலாக, முட்டையே சேராமல் வரும். சில இடங்களில் மயோனைஸ் கலந்து வெளிர் ஆரஞ்சாக வரும். முன்னது சிவப்பு, பின்னது வெள்ளை. பேர்தான் வெள்ளை, பாப்ரிகா (காரம் குறைந்த சிவப்பு மிளகாய்த்தூள்) விழுந்தபின் அது வெள்ளையாக இருப்பதில்லை.

பிரான்சிலிருந்து போன சாஸ் இது. அங்கே மயோனைஸில் கடுகு, கேப்பர் என்ற ஊறவைத்த பூமொட்டு, சின்ன வெள்ளரி ஊறுகாய், டாரகன் மாதிரியான தழைகள் சேர்ப்பார்கள். செலரியாக் கிழங்கை மெல்லிசாகச் சீவி அதில் புரட்டிச் சாப்பிடுவது அங்கே அன்றாடப் பண்டம். லூசியானாவுக்கு வந்தபின் அதில் மிளகாய், பாப்ரிகா, ஹார்ஸ்ராடிஷ் என்ற உறைப்பான வேர், வெங்காயத்தாள், பச்சைச் செலரி எல்லாம் ஏறின. போர்பன் தெருவில் 1905 முதல் இருக்கும் கேலட்வார்ஸ், பக்கத்துத் தெருவில் 1918-இல் தொடங்கிய ஆர்னோஸ் போன்ற பழைய உணவகங்களில் குளிர்ந்த இறால் ரெமூலாட் இன்றும் முதல் தட்டாக வருகிறது. ஆர்னோஸ் தன் சாஸைப் புட்டியில் அடைத்தே விற்கிறது. செய்முறையை மட்டும் வெளியே விடுவதில்லை.

இணையத்தில் கிடைக்கும் செய்முறைகளில் பாதிக்கு மேல் ஒரே கோளாறு. ஒரு கப் மயோனைஸ், ஒரு டீஸ்பூன் கடுகு, கொஞ்சம் கெட்சப். அதில் வருவது ரோஸ் நிற மயோனைஸ், ரெமூலாட் இல்லை. இந்தச் சாஸுக்கு உடம்பு கடுகுதான். வெள்ளை வகையிலேயே மயோனைஸுக்குக் கால் பங்கு கடுகு வேண்டும். சிவப்பு வகையில் எண்ணெயில் மூன்றில் இரண்டு பங்கு கடுகு. அந்த அளவுக்குப் போட வேண்டுமானால் அந்தக் கடுகு வெறும் உறைப்பாகவும் கசப்பாகவும் இருக்கக் கூடாது. அதனால் வேலை கடுகிலிருந்து தொடங்குகிறது.

கிரியோல் கடுகு

லூசியானாவில் கிரியோல் கடுகு என்று விற்பது பழுப்புக் கடுகை வினிகரில் ஊறவைத்து ஒன்றிரண்டாக அரைத்தது. ஜெர்மானியக் குடியேறிகள் வழியாக வந்தது என்பார்கள். 1889-இல் நியூ ஆர்லியன்ஸில் தொடங்கிய ஜட்டரன்ஸ் நிறுவனத்தின் புட்டிதான் அங்கே எல்லார் வீட்டு ஃப்ரிட்ஜிலும் இருக்கும். அமெரிக்காவில் இருப்பவர்கள் அதை வாங்கிக்கொண்டு இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம். மற்றவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: அதில் போகும் பழுப்புக் கடுகும், நம் அஞ்சறைப் பெட்டியில் பெரும்பாலும் இருப்பதும் ஒரே இனம், பிராசிக்கா ஜன்சியா. ஹாட்டாக் மேல் பிழியும் மஞ்சள் கடுகு வேறு இனம். அதில் மஞ்சள்தூளும் சேர்ந்திருக்கும். அது இங்கே வேண்டாம்.

கடுகை முழுதாக மென்று பாருங்கள், முதல் நொடியில் உறைப்பே இருக்காது. கடுகுக்குள் சினிக்ரின் என்ற பொருளும் மைரோசினேஸ் என்ற நொதியும் தனித்தனியாக இருக்கின்றன. நசுங்கி, ஈரமும் பட்டால்தான் இரண்டும் சேர்ந்து மூக்கில் ஏறும் அந்த எண்ணெயைத் தரும். சூடு அந்த நொதியைக் கொன்றுவிடும். தாளித்த கடுகு மணக்கிறதே தவிர உறைக்காமல் இருப்பதற்குக் காரணம் இதுதான். புளிப்பு அந்த வேலையைத் தடுத்து நிறுத்தும், ஆனால் அதுவரை வந்த உறைப்பைக் கலையாமல் பிடித்தும் வைக்கும். ஆகவே வரிசை முக்கியம். முதலில் குளிர்ந்த தண்ணீர், கொஞ்ச நேரம் கழித்து வினிகர்.

60 கிராம் கடுகை எடுத்துக் கல், தூசி பார்த்துச் சுத்தம் செய்யுங்கள். அதில் 40 கிராமை 90 மி.லி. வினிகரில் போட்டு மூடி ஓர் இரவு ஊறவிடுங்கள். வைட் ஒயின் வினிகர் இருந்தால் நல்லது, சாதாரண வெள்ளை வினிகரும் போதும். புளிப்பு 4 முதல் 5 சதவீதம் என்று லேபிளில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் கலந்து நீர்க்க விடாதீர்கள். மறுநாள் மீதி 20 கிராமைச் சின்ன மிக்சி ஜாரில் விட்டு விட்டு ஓட்டி ரவை பதத்துக்குப் பொடியுங்கள். தொடர்ந்து ஓட்டினால் ஜார் சூடாகும், கடுகும் எண்ணெய் விட்டு ஒட்டிக்கொள்ளும். பொடியில் 40 மி.லி. குளிர்ந்த தண்ணீர் ஊற்றிக் கலக்கிப் பத்து நிமிடம் அப்படியே விடுங்கள். மூடியைத் திறந்து முகர்ந்து பார்க்கும்போது முகத்தைக் கொஞ்சம் தள்ளியே வைத்துக்கொள்ளுங்கள்.

பத்து நிமிடம் ஆனதும் ஊறிய கடுகை வினிகரோடு அதில் கொட்டி, ஒரு டீஸ்பூன் உப்பு, அரை டீஸ்பூன் வெல்லம் அல்லது நாட்டுச் சர்க்கரை, ஒரு சிட்டிகை ஆல்ஸ்பைஸ் (மிளகு மாதிரி இருக்கும் ஒரு மசாலா) சேர்த்து மூன்று நான்கு தடவை மட்டும் விட்டு ஓட்டுங்கள். பாதிக் கடுகு முழுதாகவே தெரிய வேண்டும். மைய அரைத்தால் டீஜான் கடுகு மாதிரி ஆகிவிடும். சுமார் 180 மி.லி. கிடைக்கும். கீழே உள்ள இரண்டு சாஸுக்கும் சேர்த்து அது சரியாக இருக்கும்.

அரைத்த அன்று நாக்கில் வைத்தால் கசக்கும். கெட்டுப்போனது என்று கொட்டிவிடாதீர்கள், எல்லாப் புதுக் கடுகும் அப்படித்தான். கண்ணாடிப் புட்டியில் மூடி வெளியிலேயே இரண்டு நாள் வைத்தால் கசப்பு அடங்கும். அப்புறம் ஃப்ரிட்ஜுக்குப் போகலாம். விதைகள் இன்னும் ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும் என்பதால் மூன்றாம் நாள் இறுகியிருந்தால் ஒரு ஸ்பூன் வினிகர் விட்டுத் தளர்த்துங்கள், தண்ணீர் விடாதீர்கள். ஃப்ரிட்ஜில் இரண்டு மாதம் நன்றாக இருக்கும். உறைப்பு வாரத்துக்கு வாரம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

ஹார்ஸ்ராடிஷ், பாப்ரிகா, மற்றவை

ஹார்ஸ்ராடிஷ் வேரின் உறைப்பும் கடுகின் உறைப்பும் ஒரே வேதிப்பொருள்தான். ஆனாலும் கடுகு நாக்கில் நிற்கும், இது நேராக மூக்குக்குப் போகும். வினிகரில் ஊறிய துருவலாகப் புட்டியில் விற்பதை வாங்குங்கள். கிரீம் கலந்த ஹார்ஸ்ராடிஷ் சாஸ் வேறு, அது வேண்டாம். திறந்த புட்டி சில மாதத்தில் வெறும் புளித்த நார் ஆகிவிடும். முகர்ந்து பார்த்தால் கண் கலங்க வேண்டும், இல்லையென்றால் புதிது வாங்கும் நேரம்.

கிடைக்காத ஊரில் வசாபி பேஸ்ட் நல்ல மாற்று. கடையில் ட்யூபில் விற்கும் வசாபியில் பெரும்பங்கு ஹார்ஸ்ராடிஷ்தான், பச்சை நிறம் சேர்த்தது. ஒரு டேபிள்ஸ்பூன் ஹார்ஸ்ராடிஷுக்கு ஒன்றரை டீஸ்பூன் போதும். முள்ளங்கியைத் துருவிப் போடலாமா என்று கேட்டால், வேண்டாம். அதில் உறைப்பைவிடத் தண்ணீர் அதிகம். இன்னொரு யோசனையும் அவ்வப்போது காதில் விழுகிறது: முருங்கை வேர். வெள்ளைக்கார அதிகாரிகள் இந்தியாவில் இருந்த காலத்தில் ஹார்ஸ்ராடிஷுக்குப் பதிலாக அதைத் துருவிச் சாப்பிட்டது உண்மை. ஆனால் அந்த வேர்ப் பட்டையில் நஞ்சுள்ள ஆல்கலாய்டுகள் இருக்கின்றன. சாஸுக்காக அந்தச் சோதனை வேண்டாம்.

பாப்ரிகாவில் புகை போட்டது, இனிப்பானது, காரமானது என்று வகைகள் உண்டு. இங்கே இனிப்பு வகைதான். புகை வகை ஒரு டீஸ்பூனுக்கு மேல் போனால் மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும். காஷ்மீரி மிளகாய்த்தூள் நல்ல நிறம் தரும். ஆனால் பாப்ரிகாவைவிட உறைப்பு கூடுதல், அதனால் சொன்ன அளவில் பாதி போட்டு, தனியாகப் போடும் காரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். கயேன் மிளகாய்க்குப் பதில் நம் காரமான மிளகாய்த்தூளையே போடலாம். வீட்டில் மல்லி சேர்த்து அரைத்த குழம்பு மிளகாய்த்தூள் இருந்தால் அதைத் தொடாதீர்கள், சாஸ் மீன்குழம்பு வாசம் அடிக்கும்.

ஹாட் சாஸ் விஷயத்தில் லூசியானாக்காரர்களுக்குள் கட்சி உண்டு. ஏவரி தீவில் 1868 முதல் வரும் டபாஸ்கோ நீர்க்க, சுரீரென்று இருக்கும். 1923 முதல் நியூ ஆர்லியன்ஸ் பக்கம் வரும் கிரிஸ்டல் சாதுவானது, அளவைக் கூட்டி ஊற்றலாம். டபாஸ்கோ ஒரு டீஸ்பூன் என்றால் கிரிஸ்டல் இரண்டரை. ரெமூலாட்டுக்குக் கிரிஸ்டலே பொருத்தம் என்பது எங்கள் கட்சி, ஏனென்றால் உறைப்பு தர ஏற்கெனவே மூன்று பேர் உள்ளே இருக்கிறார்கள். ஸ்ரீராச்சா, கிரீன் சில்லி சாஸ் வகைகள் இனிப்பும் பூண்டுமாக இருப்பதால் வேண்டாம்.

வூஸ்டர்ஷயர் சாஸில் நெத்திலியும் புளியும் சேர்ந்திருக்கும். சைவர்களுக்கு ஆகாது. அதில்லாமல் செய்தால் அரை டீஸ்பூன் சோயா சாஸும் கால் டீஸ்பூன் புளிக்கரைசலும் விடுங்கள்.

சிவப்பு ரெமூலாட்

முட்டை இல்லாதது, உடையும் பயம் இல்லாதது. இதிலிருந்தே தொடங்குங்கள். சுமார் 450 மி.லி. வரும், எட்டுப் பேருக்குத் தாராளம்.

கிரியோல் கடுகு 120 மி.லி. (அரை கப்)
வாசனை இல்லாத எண்ணெய் 180 மி.லி. (சூரியகாந்தி அல்லது ரீஃபைண்ட் கடலை எண்ணெய்)
ரெட் ஒயின் வினிகர் 45 மி.லி., எலுமிச்சைச் சாறு 15 மி.லி.
இனிப்பு பாப்ரிகா 2 டேபிள்ஸ்பூன்
கயேன் அல்லது மிளகாய்த்தூள் அரை டீஸ்பூன்
ஹார்ஸ்ராடிஷ் 1 டேபிள்ஸ்பூன்
கெட்சப் 1 டேபிள்ஸ்பூன்
பூண்டு 1 பெரிய பல், துருவியது
வெங்காயத்தாள் 4, வெள்ளையும் பச்சையும்
செலரி 1 பெரிய தண்டு
பார்ஸ்லி பொடியாக நறுக்கியது 4 டேபிள்ஸ்பூன்
உப்பு அரை டீஸ்பூனில் தொடங்கி

பாப்ரிகாவை எண்ணெயில் முதலில் எழுப்ப வேண்டும். அதன் நிறமும் மணமும் எண்ணெயில்தான் கரையும், வினிகரில் கரையாது. எண்ணெயைக் கைபொறுக்கும் சூட்டுக்குச் சற்று மேலே, 60 டிகிரி அளவுக்குச் சூடாக்கி அடுப்பை அணைத்துவிட்டு, பாப்ரிகாவையும் மிளகாய்த்தூளையும் போட்டுக் கலக்கி ஆறவிடுங்கள். எண்ணெய் புகையக் கூடாது. பாப்ரிகாவில் சர்க்கரை நிறைய, சில நொடிகளில் கருகிக் கசந்துவிடும். இதைச் செய்யாமல் பச்சையாகப் போட்டால் இரண்டு தொல்லை: சாஸ் மாவு மாதிரி நாக்கில் படும், நிறமும் மறுநாள்தான் வரும்.

அகலக் கிண்ணத்தில் கடுகு, வினிகர், எலுமிச்சைச் சாறு, ஹார்ஸ்ராடிஷ், கெட்சப், பூண்டு, உப்பு எல்லாம் போட்டு விஸ்கால் கலக்குங்கள். ஆறிய எண்ணெயை மெல்லிய தாரையாக விட்டுக்கொண்டே அடியுங்கள். கடுகுத் தோலில் உள்ள வழவழப்பு எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும், சாஸ் தோசை மாவைவிடச் சற்றுத் தளர்ந்த பதத்துக்கு வரும். மயோனைஸ் அளவுக்கு இறுகாது, இறுகவும் வேண்டாம். வைத்திருந்து எடுக்கும்போது ஓரத்தில் எண்ணெய் மிதந்தால் கலக்கிவிட்டால் சேர்ந்துவிடும். கடைசியில் காய்களும் பார்ஸ்லியும்.

கெட்சப் விஷயத்தில் சண்டை உண்டு. சேர்க்கவே கூடாது என்பவர்களும், கால் கப் ஊற்றுபவர்களும் ஒரே தெருவில் இருப்பார்கள். ஒரு ஸ்பூன் கடுகின் கூர்மையைத் தணிக்கிறது. மூன்று ஸ்பூன் போனால் சாஸ் கெட்சப் வாசம்தான் அடிக்கும்.

காய்களை மிக்சியில் போட்டு ஒரேயடியாக அரைத்துவிடும் பழக்கம் உணவகங்களில் உண்டு. சாஸ் வழவழவென்று வரும், நிறமும் ஒரே சீராக இருக்கும். அன்றே தீர்ந்துவிடும் என்றால் பரவாயில்லை. வீட்டில் மூன்று நாள் வைத்துச் சாப்பிடுவதாக இருந்தால் கத்திதான். அரைபட்ட வெங்காயத்தாள் மறுநாளே கந்தக வாடை அடிக்கும், அரைத்த செலரி கசக்கும்.

வெள்ளை ரெமூலாட்

இதற்கு மயோனைஸ் வேண்டும். கடையில் வாங்கினால் இனிப்பில்லாததாகப் பார்த்து வாங்குங்கள். அமெரிக்கத் தெற்கில் இதற்கென்றே இரண்டு பெயர்கள் அடிபடும்: தென் கரோலினாவின் கிரீன்வில்லில் 1917-இல் யூஜீனியா டியூக் தொடங்கிய டியூக்ஸ், நியூ ஆர்லியன்ஸ் பக்கம் 1927-இல் தொடங்கிய புளூ பிளேட். டியூக்ஸில் சர்க்கரை கிடையாது. இந்தியக் கடைகளில் முட்டையில்லாத மயோனைஸ்தான் அதிகம், அது பெரும்பாலும் இனிக்கும். அதையே போடுவதானால் கெட்சப்பும் சர்க்கரையும் ஒரு துளிகூடச் சேர்க்காமல், எலுமிச்சையை இரண்டு மடங்காக்குங்கள்.

வீட்டிலேயே செய்ய: 2 முட்டை மஞ்சள் கரு, கிரியோல் கடுகு 1 டீஸ்பூன், வினிகர் 1 டேபிள்ஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், எண்ணெய் 220 மி.லி. முட்டை அறைச் சூட்டில் இருக்கட்டும். மஞ்சள் கருவை உப்பு, கடுகு, வினிகரோடு ஒரு நிமிடம் அடித்துவிட்டு எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விடத் தொடங்குங்கள். முதல் 50 மி.லி. வரைதான் இந்தப் பொறுமை தேவை. கலவை கெட்டியாகத் தொடங்கியபின் தாரையாகவே விடலாம். மயோனைஸ் உடைவது அநேகமாக அந்த முதல் கட்ட அவசரத்தில்தான். எண்ணெய்த் துளிகளை முட்டையின் லெசிதின் ஒவ்வொன்றாகச் சுற்றி வளைக்க நேரம் வேண்டும். மொத்தமாக ஊற்றினால் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து எண்ணெய் தனியே நிற்கும்.

உடைந்தால் கொட்ட வேண்டாம். சுத்தமான கிண்ணத்தில் ஒரு டீஸ்பூன் கடுகும் ஒரு டீஸ்பூன் வெதுவெதுப்பான தண்ணீரும் எடுத்து, உடைந்த கலவையை அதில் சொட்டுச் சொட்டாக விட்டு அடித்துக்கொண்டே வாருங்கள். திரும்பக் கூடிவிடும்.

ஹேண்ட் பிளெண்டர் இருந்தால் ஒடுக்கமான உயர டம்ளரில் ஒரு முழு முட்டை, மற்றவை, மேலே எண்ணெய் எல்லாவற்றையும் ஊற்றி, பிளெண்டரை அடியில் அழுத்தி வைத்து ஓட்டுங்கள். அடியிலிருந்து வெள்ளையாக எழும்பி வரும் வரை, பதினைந்து இருபது நொடி, தூக்கக் கூடாது. மிக்சியில் செய்வதானால் மஞ்சள் கரு மட்டும் போட்டால் பிளேடுக்கு எட்டாது, முழு முட்டை போட வேண்டும். குறைந்த வேகம், மூடித் துளை வழியே எண்ணெய். ஜார் சூடாகத் தொடங்கினால் நிறுத்திவிடுங்கள். எக்ஸ்ட்ரா விர்ஜின் ஆலிவ் எண்ணெயை எந்த இயந்திரத்திலும் அடிக்காதீர்கள், கசந்துபோகும்.

பச்சை முட்டை பற்றி. கர்ப்பிணிகள், குழந்தைகள், வயதானவர்கள் சாப்பிடுவதாக இருந்தால் பாஸ்சரைஸ் செய்த முட்டை, அல்லது இந்த வழி: மஞ்சள் கருவோடு இரண்டு டேபிள்ஸ்பூன் தண்ணீரும் அந்த வினிகரும் சேர்த்து, கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் கிண்ணத்தை வைத்து, தெர்மாமீட்டர் 71 டிகிரி காட்டும் வரை கிளறிக்கொண்டே சூடாக்கி, உடனே குளிர்ந்த தண்ணீரில் கிண்ணத்தை இறக்குங்கள். ஆறியபின் எண்ணெய் விட்டு வழக்கம்போல் அடிக்கலாம். கிளறுவதை நிறுத்தினால் முட்டைப் பொரியல்தான் கிடைக்கும்.

இப்போது சாஸ். மயோனைஸ் 240 மி.லி.யில் கிரியோல் கடுகு 60 மி.லி., ஹார்ஸ்ராடிஷ் 1 டேபிள்ஸ்பூன், எலுமிச்சைச் சாறு 1 டேபிள்ஸ்பூன், கிரிஸ்டல் 2 டீஸ்பூன், வூஸ்டர்ஷயர் 1 டீஸ்பூன், பாப்ரிகா 2 டீஸ்பூன், மிளகாய்த்தூள் கால் டீஸ்பூன், பூண்டு அரைப் பல் துருவியது. கலந்தபின் பொடியாக நறுக்கிய வெங்காயத்தாள் 3, செலரி அரைத் தண்டு, வெள்ளரி ஊறுகாய் 2 டேபிள்ஸ்பூன், பார்ஸ்லி 2 டேபிள்ஸ்பூன். கேப்பர் இருந்தால் ஒரு டேபிள்ஸ்பூன் தட்டிப் போடலாம், இல்லாவிட்டால் குறையொன்றுமில்லை. வெள்ளரி ஊறுகாய் என்றால் டில் போட்ட புளிப்பு வகை. பர்கருக்கு வைக்கும் இனிப்பு வகை போட்டால் டார்ட்டர் சாஸ் பக்கம் சாய்ந்துவிடும்.

உப்பு? இப்போது போடாதீர்கள். கடுகு, ஊறுகாய், கேப்பர், ஹாட் சாஸ், வூஸ்டர்ஷயர் எல்லாவற்றிலும் உப்பு இருக்கிறது.

தண்ணீர்தான் எதிரி

வெள்ளை ரெமூலாட் மறுநாள் தண்ணீர் விட்டுக்கொண்டு நிற்கிறது என்பது அடிக்கடி வரும் புகார். மயோனைஸைக் குறை சொல்லிப் பயனில்லை. செலரியில் 95 சதவீதம் தண்ணீர். வெங்காயத்தாளும் ஏறக்குறைய அப்படியே. உப்பும் புளிப்புமான சாஸில் போட்டதும் அவை ஈரத்தைக் கக்கத் தொடங்கும், இரவெல்லாம் கக்கும். அதனால் நறுக்கிய செலரியிலும் வெங்காயத்தாளிலும் ஒரு சிட்டிகை உப்பைத் தூவிப் பத்து நிமிடம் விட்டு, மெல்லிய துணியில் கட்டிப் பிழிந்துவிட்டுப் போடுங்கள். வெள்ளரி ஊறுகாயையும் பிழிய வேண்டும், ஹார்ஸ்ராடிஷ் துருவலையும் ஸ்பூனால் அழுத்தி வடிக்க வேண்டும். பார்ஸ்லியைக் கழுவியபின் முழுதாக உலர்த்துங்கள். சிவப்பு வகைக்கு இவ்வளவு கறார் தேவையில்லை, அது ஏற்கெனவே தளர்ந்த சாஸ்.

நறுக்குவதற்குக் கத்தி கூராக இருக்க வேண்டும். மொட்டைக் கத்தி வெங்காயத்தாளை வெட்டாமல் நசுக்கும், பலகையில் பச்சைத் தண்ணீர் தேங்கும். துண்டு மிளகு அளவில் இருந்தால் போதும்.

எந்த வகையானாலும் குறைந்தது இரண்டு மணி நேரம், முடிந்தால் ஓர் இரவு ஃப்ரிட்ஜில் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் பாப்ரிகா ஊறும், ஹார்ஸ்ராடிஷ் பரவும், கடுகின் கூர்மை தணியும், பூண்டு மட்டும் ஏறும். பச்சைப் பூண்டைக் கை தாராளமாகப் போட்டால் மறுநாள் அதுதான் முன்னால் நிற்கும், அதனால்தான் சிவப்புக்கு ஒரு பல், வெள்ளைக்கு அரைப் பல் என்றது. மறுநாள் பரிமாறுவதாக இருந்தால் பார்ஸ்லியையும் வெங்காயத்தாளின் பச்சைப் பகுதியையும் கடைசி நேரத்தில் சேருங்கள். புளிப்பில் ஊறினால் பச்சை மங்கி அழுக்குப் பச்சையாகும். உப்பையும் ஹாட் சாஸையும் இந்த ஊறலுக்குப் பிறகுதான் சரிபார்க்க வேண்டும், அதுவும் குளிர்ந்த நிலையிலேயே. குளிர்ச்சி உப்பை அமுக்கிக் காட்டும். வெளியே எடுத்து வைத்து ருசி பார்த்தால் சரியாக இருப்பது, தட்டில் சில்லென்று வரும்போது சப்பென்று தெரியும்.

எதற்கு எது

சிவப்பு, வேகவைத்துக் குளிரவைத்த இறாலுக்கு. மூன்று லிட்டர் தண்ணீரில் 90 கிராம் உப்பு, நறுக்கிய எலுமிச்சை ஒன்று, பிரிஞ்சி இலை, கடுகு, மல்லி, கிராம்பு, ஆல்ஸ்பைஸ், இரண்டு வற்றல் மிளகாய் போட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். லூசியானாவில் இந்தச் சரக்குகளை நண்டு பாயில் என்ற பேரில் பொட்டலமாகவே விற்கிறார்கள். கிலோவுக்கு 60 நிற்கும் அளவுள்ள இறாலை ஓட்டோடு போட்டு, அடுப்பை அணைத்து மூடி மூன்று நான்கு நிமிடம். இறால் வளைந்து பிறை மாதிரி நிற்க வேண்டும், வட்டமாகச் சுருண்டால் ரப்பர். எடுத்ததும் உப்புப் போட்ட ஐஸ் தண்ணீரில் ஐந்து நிமிடம். வெறும் ஐஸ் தண்ணீர் ஏறிய உப்பை இறக்கிவிடும். உரித்து, குடல் எடுத்து, துணியில் ஒற்றி எடுங்கள். இங்கேயும் ஈரம்தான் சாஸைக் கெடுக்கும். உரித்த 500 கிராம் இறாலுக்கு 150 மி.லி. சாஸ். பிசறி ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து, மெல்லிசாக அரிந்த ஐஸ்பெர்க் லெட்யூஸ் மேல் வையுங்கள். லெட்யூஸ் அலங்காரத்துக்கு இல்லை, கடுகுக்கு இடையில் நாக்குக்கு ஓய்வு தருவது அதுதான்.

வெள்ளை, வறுத்தவற்றுக்கு. சோளமாவில் புரட்டிப் பொரித்த கெளுத்தி, சிப்பி, நண்டு வடை, இவற்றுக்கெல்லாம் கெட்டியான சாஸ்தான் ஒட்டி நிற்கும். பொரித்த இறாலை பிரெஞ்சு ரொட்டியில் வைத்த போ பாய் சாண்ட்விச்சுக்கும் இதைத் தடவலாம். அந்த ரொட்டியின் உள்பக்கம் இரண்டிலும் தடவுங்கள், இறால் மேல் ஊற்றினால் மொறுமொறுப்பு போய்விடும். பச்சைத் தக்காளியை ஒரு சென்டிமீட்டர் கனத்தில் அரிந்து பொரித்து, அதன் மேல் ரெமூலாட் புரட்டிய இறாலை வைப்பது இப்போது ஊரெங்கும் இருக்கிறது. நியூ ஆர்லியன்ஸின் அப்பர்லைன் உணவகத்தில் ஜோஆன் கிளெவெஞ்சர் தொடங்கிவைத்தது அது. சூடும் குளிர்ச்சியும் ஒரே வாயில் வர வேண்டும், ஆகவே தக்காளி எண்ணெயிலிருந்து இறங்கியதும் கூட்டிப் பரிமாற வேண்டும்.

பச்சைச் சிப்பிக்கு இரண்டுமே வேண்டாம். அதற்குக் கெட்சப்பும் ஹார்ஸ்ராடிஷும் எலுமிச்சையும் கலந்த காக்டெயில் சாஸ் போதும். கடுகு சிப்பியின் உப்பு ருசியை மூடிவிடும்.

வெளியில் வைக்கும் நேரம்: மொத்தம் இரண்டு மணி நேரம், வெயில் 32 டிகிரிக்கு மேல் இருந்தால் ஒரு மணி நேரம். சென்னையில் பெரும்பாலும் ஒரு மணி என்றே வைத்துக்கொள்ளலாம். பெரிய கிண்ணத்தை அப்படியே மேசையில் வைக்காமல் சின்னக் கிண்ணத்தில் எடுத்து வையுங்கள், மீந்ததைப் புட்டியில் திரும்பக் கொட்ட வேண்டாம். வீட்டில் பச்சை முட்டையில் செய்த மயோனைஸ் என்றால் ஃப்ரிட்ஜில் மூன்று நாள், கடை மயோனைஸ் என்றால் ஐந்து, சிவப்பு வகை ஒரு வாரம். ஃப்ரீசரில் எதையும் வைக்காதீர்கள், உருகும்போது எண்ணெயும் தண்ணீரும் பிரிந்துவிடும், பிறகு எவ்வளவு அடித்தாலும் பழைய பதம் வராது.